எடை போட்டோம், எழுதி வைக்கவில்லை

எழுதி வைப்பது எங்களுக்குப் புதிய வேலை அல்ல. ஓசூரில் மெஷின் முன்னால் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஷிப்டு தொடங்கியதும் முதல் வேலை செக் ஷீட் நிரப்புவது. எண்ணெய் அளவு, சூடு, முதல் பீஸின் விட்டம், கடைசிப் பீஸின் விட்டம். வெர்னியரில் ஒரு கோடு தப்பினாலும் அந்தப் பீஸுக்குச் சிவப்பு டேக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, எந்த ஷிப்டில், எந்த மெஷினில், எதனால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். ‘ஏன்’ என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைப் பிடிக்கும் முறையைச் சார்ட் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதற்குப் பயிற்சி வகுப்பு உண்டு, பரிசும் உண்டு. இந்தப் பழக்கம் கம்பெனி கேட்டைத் தாண்டி எங்களோடு வெளியே வந்ததே இல்லை. சனிக்கிழமை ராத்திரி தூண்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீர் ஓரம் போய் நின்ற நாங்கள், அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

நாங்கள் என்றால் ஓசூர், பாகலூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மெல்லிய ராடும் சின்ன ரீலும் வைத்துக்கொண்டு ஆசைக்கு மீன் பிடிக்கிறவர்கள். வயிற்றுப்பாட்டுக்கு வலை போடுகிறவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்களுக்கும் எங்களுக்கும் உள்ள கணக்கு தனி, அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் ஆட்டத்தின் ருசியே மெல்லிய சாமான்தான். கனமான ராடில் நாலு கிலோ மீனை இழுத்துப் போடுவதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத நுனி, தையல் நூல் மாதிரி பிரெய்டு நரம்பு, பத்து கிராமுக்கும் குறைவான ஸ்பூன் அல்லது ரப்பர் தவளை. இடுப்பளவு, முழங்கால் அளவுத் தண்ணீரில் மீன் அசைவதைக் கண்ணால் பார்த்து, அதன் முகத்துக்கு முன்னால் ஓசையில்லாமல் போட வேண்டும். கோடையில் கெலவரப்பள்ளி அணையில் நீர் இறங்கும்போது கரையோரச் சேற்றில் சாதாக் கெண்டை தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கிக்கொண்டு மேயும். அந்த வாலைப் பார்த்த பிறகு வீட்டுக்குப் போக மனம் வராது. இதே காட்சிக்காகத்தான் அமெரிக்காவில் மெக்சிகோ வளைகுடாக் கரைச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கானவர்கள் தட்டைப் படகைக் கழி ஊன்றித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். அங்கே வால் தூக்குவது ரெட்ஃபிஷ். நம்ம கடலோரக் கத்தாளை இருக்கிறதே, அதன் குடும்பம். செம்பு நிறம், வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு. உப்புப்புல் நடுவே முழங்கால் தண்ணீரில் நண்டு பொறுக்கும். யூடியூபில் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்களில் பாதிப் பேர் இந்தப் பைத்தியத்துக்குள் வந்தோம். வீசும் விதத்தை அவர்களிடமிருந்து அச்சு அசலாகப் படித்தோம். மற்றதைப் படிக்கவில்லை.

அந்த மற்றது என்ன என்று சொல்கிறேன். 1970களில் டெக்சாஸ் கரையில் ரெட்ஃபிஷ் வேகமாகக் குறைந்தது. 1977இல் ஹூஸ்டன் நகரத்துத் தூண்டில் சாமான் கடை ஒன்றில் பதினான்கு பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். விஞ்ஞானிகள் கூட்டம் அல்ல, எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்தான். நாலே வருடத்தில், 1981இல், காட்டு ரெட்ஃபிஷை விற்கக் கூடாது என்று டெக்சாஸ் சட்டம் போட்டது. பிறகு நியூ ஆர்லியன்ஸ் சமையல்காரர் பால் புருதோம் மசாலா தடவி இரும்புச் சட்டியில் கருக வறுத்த ரெட்ஃபிஷ் நாடு முழுக்கப் பிரபலமாகி, நடுக்கடலில் இருந்த பெரிய தாய் மீன்களையும் வலை சுருட்டத் தொடங்கியபோது, அந்தச் சங்கம் வாஷிங்டன் வரை போய்ச் சண்டை போட்டது. பத்தாண்டு முடிவதற்குள் கூட்டரசின் கடற்பகுதியில் அந்த மீனைப் பிடிப்பதே நின்றது. 2007இல் ஜார்ஜ் புஷ் ஒரு தனி ஆணையில் கையெழுத்துப் போட்டு அதை உறுதியாக்கினார். இன்று டெக்சாஸில் 20 அங்குலத்துக்குக் குறைந்ததையும் விட வேண்டும், உரிமத்தோடு வரும் டேக் இல்லாவிட்டால் 28 அங்குலத்துக்கு மேற்பட்டதையும் விட வேண்டும்; மற்றபடி நடுவில் உள்ளதைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். பெரியதை விடச் சொல்வது தாய் மீன் என்பதால்.

எங்கள் ஊரிலும் சாமான் கடைகள் இருக்கின்றன. கூடுகிறோம், டீ குடிக்கிறோம், எந்த ரீலுக்கு எத்தனை பேரிங் என்று மணிக்கணக்கில் பேசுகிறோம்.

தென்பெண்ணை எங்கள் வாசலுக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது எங்களுக்குத் தெரியாதது அல்ல. நந்திமலைப் பக்கம் பிறந்து, பெங்களூருவின் கிழக்குப் பக்கமாக இறங்கி, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் மிச்சத்தை வாங்கிக்கொண்டு, கொடியாளத்துக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணையில் வந்து நிற்கிறது. பெல்லந்தூர் ஏரி 2015இல் தீப்பிடித்தது, 2018இல் மறுபடி பிடித்தது. தண்ணீர் எரியும் வீடியோவை ஒருவருக்கொருவர் அனுப்பி வியந்தோம். அந்தத் தண்ணீர்தான் அடுத்து எங்களிடம் வருகிறது என்ற எண்ணம் வந்ததா என்றால், வந்தது, வந்து போனது. கெலவரப்பள்ளி மதகைத் திறக்கும்போதெல்லாம் வெள்ளை நுரை ஆள் உயரத்துக்கு எழும்புகிறது. தட்டிகானப்பள்ளித் தரைப்பாலம் நுரையில் மூடிப் போக்குவரத்து நின்றதும் உண்டு. சோப்புத்தூளில் உள்ள நுரைக்கும் பொருளும் பாஸ்பேட்டும், சுத்திகரிக்காத சாக்கடையில் பெருகும் பாக்டீரியாவும் சேர்ந்த தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்தால் நுரைக்காமல் என்ன செய்யும்? நாங்கள் அதைப் படம் எடுத்தோம். எடுத்துவிட்டு, நுரை அடங்கியிருக்கும் அடுத்த இடத்துக்கு வண்டியை விட்டோம்.

எங்கள் சரித்திரமே இப்படி அடுத்த இடத்துக்குப் போன சரித்திரம்தான். முதலில் ஊருக்குள்ளேயே இருந்த ராமநாயக்கன் ஏரி, சந்திராம்பிகை ஏரி, தர்கா ஏரி. மூங்கில் கழி, தக்கை, மண்புழு, மைதா உருண்டை என்று எங்களில் மூத்தவர்கள் தொடங்கியது அங்கேதான். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து, அதன்பின் ஊர் வீங்கி, ஏரிக்கு வரும் கால்வாய்களில் மழைநீரைவிடச் சாக்கடை அதிகமானபோது, கெலவரப்பள்ளிக்குப் போனோம். அங்கே நாற்றம் தாங்கவில்லை என்றதும் கிருஷ்ணகிரி அணை. கே.ஆர்.பி. அணை என்றால் தமிழ்நாட்டுக்கே வறுத்த மீன் ஞாபகம் வரும். 1950களின் இறுதியில் கட்டிய 52 அடி அணை, வாசலில் மிளகாய்த்தூள் மணக்கும் கடைகள். அங்கேயும் தண்ணீர் பச்சைச் சாயமாக மாறியபோது அஞ்செட்டி வழியாகக் காவிரி. காவிரிக் காடு சரணாலயம் ஆகிவிட்டது என்றதும் கடலூர். ஒரு தண்ணீர் கெட்டதும் அடுத்ததற்கு நகர எங்களிடம் வண்டியும் பெட்ரோல் காசும் இருந்தன. கரையில் வீடு உள்ளவர்களுக்கு அந்த வசதி இல்லை.

கடலூர்ப் பயணத்தில் ஒரு கேலி ஒளிந்திருக்கிறது. செகண்டு ஷிப்டு முடிந்ததும் காரில் ஏறி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் தாண்டி விடியும் நேரத்தில் தாழங்குடா பக்கம் போய் இறங்குகிறோம். முகத்துவாரத்தின் ஆழமற்ற திட்டுகளில், ஏற்றத்தண்ணீர் உள்ளே வரும் நேரம் பார்த்து, கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் வீசுகிறோம். எங்களூர்க்காரர்களுக்கு ரெட்ஃபிஷ் சதுப்புக்கு மிக அருகில் வருவது அந்த இடம்தான். அது எந்த ஆற்றின் முகத்துவாரம்? தென்பெண்ணையின் முகத்துவாரம். கெலவரப்பள்ளியில் மூக்கைப் பொத்திக்கொண்டு கைவிட்டுவந்த அதே ஆற்றை முன்னூறு கிலோமீட்டருக்கும் மேல் கீழே போய், கடல் வாயில் சந்தித்து, அங்கே ‘சுத்தமான தண்ணீர்’ என்று படம் போடுகிறோம். நடுவில் சாத்தனூர் உட்பட அணைகள் தடுப்பதால் ஓசூர் அழுக்கு தினமும் கடலூர் போவதில்லை என்பது உண்மை. ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் கொட்டி, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்துவிட்ட அந்த நாட்களில், மேலே இருந்ததெல்லாம் கீழே போகாமல் எங்கே போயிருக்கும்? வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த கேள்வி, கொடுவா திரும்பி வந்துவிட்டதா என்பதுதான்.

கொடுவா பிறக்கும்போது ஆண். சில வருடம் வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே பெரிய கொடுவா பெரும்பாலும் தாய். இதை நாங்கள் தெரிந்துகொண்ட பிறகும், விட்டது சின்னதை, தூக்கிப்பிடித்துப் படம் எடுத்துப் பையில் போட்டது பெரியதை. டெக்சாஸ்காரன் வீசுவதைப் பார்த்தோம். வீடியோவின் கடைசியில் அவன் பெரியதைத் தண்ணீரில் நிமிர்த்திப் பிடித்து நீந்த விடும் இடம் வருவதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டோம்.

விராலில் செய்ததுதான் எல்லாவற்றிலும் கேவலம். விரால் தன் குஞ்சுகளைக் காவல் காக்கும் மீன். ஏரியோரப் புல்லுக்கிடையே செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் பந்துபோல் உருண்டு மேலே வந்து மூச்சு வாங்கிக் கீழே போகும்; தாயும் தகப்பனும் ஒரு முழ ஆழத்தில் அடியிலேயே நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் ரப்பர் தவளையை இழுத்தால், குஞ்சைத் தின்ன வந்தது என்று நினைத்துப் பாய்ந்து அடிக்கும். பசிக்கு அல்ல, ஆத்திரத்துக்கு. தூண்டில் உலகத்தில் இதைவிடச் சுலபமான மீன் கிடையாது. இரண்டு பெரியவற்றையும் எடுத்துவிட்டால் அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் இரை. எங்களில் புதிதாக வந்த பையன்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்த முதல் வித்தை இது. மழைக்காலம் தொடங்கியதும் ‘குஞ்சு தெரியுதா, இடம் சொல்லு’ என்று போன் பேசிக்கொண்டோம். யாரும் யாரையும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் பொறாமை என்று நினைத்திருப்போம்.

அடுத்து, விடியற்காலை. சாக்கடைச் சத்து ஏறிய தண்ணீரில் பாசி பெருகும். பகலில் அந்தப் பாசியே ஆக்சிஜனை வெளிவிடும். ராத்திரி அதுவும் சேர்ந்து உறிஞ்சும். ஆகவே சூரியன் வருவதற்குச் சற்று முன்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. கட்லா, ரோகு போன்ற கெண்டைகள் நன்றாக இருக்க லிட்டருக்கு ஐந்து மில்லிகிராமாவது வேண்டும். அது கிடைக்காதபோது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அணையின் மேல்பரப்பு முழுக்க வட்டம் வட்டமாக அலை. நாங்கள் அதை மேய்ச்சல் என்றோம். ‘ஃபீடிங் டைம்’ என்று பேர் வைத்து நாலு மணிக்கே போய் நின்றோம். மூச்சுத் திணறும் மீன் எதையும் தின்னாது. அதனால்தான் அத்தனை வட்டத்துக்கு நடுவிலும் தூண்டில் அசையவில்லை. மீன் ரொம்ப உஷாராகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரும்பினோம். கோடையின் முதல் மழைக்குப் பிறகு மீன்கள் செத்து ஒதுங்கிய செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம், அதற்கு முந்தைய வாரங்களின் விடியற்காலைகளில் அந்தக் கரையில் நின்றவர்கள் நாங்கள். தண்ணீரின் கடைசி அறிகுறியைப் பார்த்த சாட்சி வேறு யாரும் கிடையாது. என்ன தேதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம், எந்தக் கரை என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

கெண்டை போன பிறகு எதைப் பிடித்தோம்? ஆப்பிரிக்கக் கெளுத்தி. காற்றை நேரடியாக மூச்சு வாங்கும் உறுப்பு அதற்கு உண்டு, தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் கவலையில்லை. நாட்டு மீன்களை அழித்துவிடும் என்று மத்திய அரசு 2000இல் வளர்க்கத் தடை போட்ட மீன். அதற்குள் பண்ணைக்குட்டைகளிலிருந்து வெள்ளத்தோடு வெளியேறி ஏரி ஏரியாக இறங்கிவிட்டது. பத்துக் கிலோ, பன்னிரண்டு கிலோ என்று அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்ற படங்கள்தான் எங்கள் போன்களில் அதிகம். ‘மான்ஸ்டர்’ என்று தலைப்பு. ஒரு தண்ணீரில் ஆரால், குரவை, உழுவை, அயிரை எல்லாம் போய், காற்று குடித்துப் பிழைக்கும் மீனும் 1952இல் நாட்டுக்குள் கொண்டுவந்த ஜிலேபியும் மட்டும் கொழுத்திருந்தால் அது அந்தத் தண்ணீரின் ரிஜக்ட் ரிப்போர்ட். அதைப் பெருமையோடு பகிர்ந்தோம். கட்லாவும் ரோகுவும் எங்காவது கிடைத்தால் அது ஆற்றின் நலத்துக்கு அடையாளமும் ஆகாது. வருடா வருடம் குஞ்சு வாங்கி விடுவதன் அடையாளம் மட்டும்.

இப்போது வலைக்காரர்கள் கணக்கு. மீன் குறைந்ததற்கு எங்களிடம் எப்போதும் தயாராக இருந்த பதில், ‘வலை போட்டு அரிச்சிட்டாங்க’. அணையில் குத்தகைக்கு மீன் பிடிக்கிறவர்கள் எத்தனை கண் வலை போடுகிறார்கள், வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளைக்கு என்ன கிடைக்கிறது என்று அவர்களிடம் உட்கார்ந்து கேட்டவர் எங்களில் இல்லை. மீன் செத்து மிதக்கும்போது நஷ்டம் அவர்களுக்கு. நாங்கள் அந்த வாரம் படத்துக்குப் போவோம். நாற்றமடிக்கிற தண்ணீரில் இடுப்பளவு இறங்கி வலை இழுத்துத் தோல் அரிப்பெடுத்து நிற்பவரிடம், ஷூ நனையாமல் கரையில் நின்று மீன்வளப் பாதுகாப்பு பேசியிருக்கிறோம். டெக்சாஸ் கதையில் எனக்கு உறுத்துவதும் இந்த இடம்தான். 1988இல் அங்கே கடலோர வலைகளுக்கே தடை வந்தது. மீன் திரும்பியது, வலையை நம்பிய குடும்பங்கள் தொழிலை விட்டன. பொழுதுபோக்குக்காரன் கை ஓங்கினால் முதலில் அடிவாங்குவது ஏழை என்பதையும் அந்தக் கதை சொல்கிறது. ஆகவே அவர்களைப் போலவே நாமும் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தண்ணீரைக் கொன்றது வலை அல்ல, குழாய். அதில் பெங்களூருக் குழாய் மட்டும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லைக்கு அந்தப் பக்கம் கை நீட்டுவது எங்களுக்கு மிகவும் சௌகரியமாக இருந்தது. எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எந்தக் கால்வாய் வழியாக எந்த ஏரிக்குப் போகிறது என்று கேட்டால் விழிப்போம். 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனபோது பேனர் வைத்தோம், பாதாளச் சாக்கடை எப்போது என்று கேட்கவில்லை.

சின்னக் குற்றங்களும் உண்டு. முள்ளில் சிக்கி அறுந்த நரம்பை அப்படியே விட்டோம். நைலான் மக்காது, நீர்க்கோழியின் காலில் சுற்றும். ஈயக்குண்டுகளைக் கணக்கில்லாமல் தண்ணீருக்குள் விட்டோம். பீர் பாட்டில் பற்றி எழுதவே வெட்கமாக இருக்கிறது. சரணாலயத்துக்குள் தூண்டில் போடக் கூடாது என்று தெரிந்தே, காவிரியில் பரிசலில் ராத்திரி இறங்கியவர்களும் எங்களில் உண்டு. 2014இல் 504 சதுர கிலோமீட்டர் காவிரி வடக்குச் சரணாலயம், 2022இல் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்குச் சரணாலயம் என்று அறிவிப்பு வந்தபோது, ‘நல்ல இடத்தையெல்லாம் மூடிட்டாங்க’ என்பதைத் தாண்டி எங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்தக் காவிரியிலேயே, எங்கள் மாவட்டத்துக்குச் சற்று மேலே, எங்களைப் போன்றவர்கள் வேறு மாதிரியும் நடந்திருக்கிறார்கள். சங்கமம் என்ற இடத்துக்கு அருகே காலிபோரில் கர்நாடக அரசு நிறுவனம் ஒன்று நடத்திய தூண்டில் முகாம். பிடித்த மஹ்சீரை எடை போட்டுத் திரும்ப விட வேண்டும், விட்டதை நோட்டில் எழுத வேண்டும், அதுதான் விதி. 1998 முதல் 2012 வரையிலான அந்த நோட்டுகளைப் பின்னாளில் ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மஹ்சீர். அந்தக் கணக்கிலிருந்துதான் ஒரு விஷயம் வெளியே வந்தது. மொத்தத்தில் மீன் குறையவில்லை, கூடியிருந்தது. ஆனால் காவிரிக்கே உரிய, முதுகு திமிலேறிய பெரிய மஹ்சீர் அருகிக்கொண்டே போய், அதன் இடத்தை லோனாவாலா பண்ணையில் வளர்த்து நல்லெண்ணத்தோடு ஆற்றில் விட்ட நீலத்துடுப்பு மஹ்சீர் பிடித்துக்கொண்டிருந்தது. கரையிலிருந்து பார்த்தால் எல்லாம் மஹ்சீர், ஆறு செழிப்பாக இருக்கிறது என்றுதான் தோன்றும். நோட்டு இல்லாவிட்டால் அந்தத் திமில் மீன் போனதே யாருக்கும் தெரிந்திருக்காது. உலகத் தூண்டில்காரர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகத் தேடி வந்த அந்த மீனுக்கு அறிவியல் பெயர் எது என்று முடிவானதே 2018இல்தான். அதே வருடம் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. சரணாலயத்துக்குள் தூண்டிலுக்குத் தடை வந்ததும் நோட்டும் நின்றது. தடை சரியா தவறா என்பது தனி விவாதம். எழுதிய கை இருந்தது என்பதுதான் எனக்கு முக்கியம்.

எங்கள் கை ஏன் எழுதவில்லை என்று கம்பெனி முறைப்படி கேட்டுப் பார்த்தால் பதில் கூச்சமாகத்தான் வருகிறது. எழுதினால் இடம் வெளியே தெரிந்துவிடும். இடம் தெரிந்தால் மற்றவன் வந்துவிடுவான். ஆகவே படத்தில் பின்னணியை மழுப்பினோம், மலை தெரிந்தால் வெட்டினோம், எங்கே என்று கேட்டவனுக்கு ‘ஓசூர் பக்கம்’ என்று சொன்னோம். அப்படி ஒளித்து வைத்ததில், இடம் கெட்டபோது அது கெட்டது என்று சொல்லவும் ஆளில்லாமல் போயிற்று. இருப்பதாகவே யாருக்கும் தெரியாத ஒன்றைக் காணோம் என்று எந்த அலுவலகத்தில் போய் மனுக் கொடுப்பது? மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரை அளக்கிறது. அதில் எந்த மீன் எந்த வருடம் நின்றுபோனது என்பதை அளக்க அவர்களிடம் கருவி இல்லை. அது எங்கள் கையில் இருந்தது, ஆறு அடி நீளத்தில், நுனி துடிக்கத் துடிக்க.

இன்னொரு காரணம் இன்னும் அற்பமானது. வெறுங்கையோடு திரும்பிய நாளை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. படம் இல்லாத நாள் நடக்காத நாள். ஆனால் ஒரு தண்ணீரின் நிலையை அறிய வெறுங்கை நாள்தான் பெரிய சாட்சி. மூன்று பேர் ஐந்து மணி நேரம் நின்று ஒன்றும் கிடைக்கவில்லை என்ற வரி, பன்னிரண்டு கிலோக் கெளுத்திப் படத்தைவிட அதிகம் சொல்லும். காலிபோர் கணக்கில் மீன் எண்ணிக்கைக்கு அர்த்தம் வந்ததே பக்கத்தில் மணி நேரம் எழுதியிருந்ததால்தான். மெஷின் ஓடாத நேரத்தையும் நிமிடக் கணக்கில் எழுதுகிறவர்கள் நாங்கள். ஆறு ஓடாத நேரத்தை எழுத எங்களுக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

இப்போது எங்கள் குழுவில் ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். செக் ஷீட் மாதிரியே கட்டம் கட்டி அச்சடித்தது. பழக்க தோஷத்தில் கீழே ‘சரிபார்த்தவர் கையொப்பம்’ கூட வந்துவிட்டது. தேதி, எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன மீன், நீளம், விட்டதா எடுத்ததா, தண்ணீர் நிறம், நாற்றம், நுரை, விடியலில் மீன் மேலே வந்ததா. ஒன்றும் கிடைக்காவிட்டால் சுழி போட்டு எழுத வேண்டும் என்று முடிவானது, சற்று முணுமுணுப்போடு. விரால் குஞ்சு தெரியும் இடத்தில் வீசுவதில்லை என்பதும் முடிவு. அதற்கு முணுமுணுப்பு இன்னும் அதிகம். குத்தகைக்காரர்களிடம் போய் அவர்கள் கணக்கையும் கேட்டு எழுதுவது யார் என்பது பாக்கி நிற்கிறது. அவர்கள் எங்களை நம்ப ஒரு காரணமும் இல்லை என்பதால் யாரும் கை தூக்கவில்லை.

சண்டை மூண்டது முதல் கட்டத்தில்தான். இடம். ஏரியின் பெயரையும் எந்தக் கரை என்பதையும் எழுதினால்தான் கணக்கு கணக்காகும் என்று ஒரு கட்சி. எழுதினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூருவிலிருந்து பத்து வண்டி வந்து நிற்கும் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சி சொல்வதும் பொய் இல்லை. பேச்சு முடியவில்லை. நோட்டு நிரம்பிக்கொண்டிருக்கிறது, இடம் என்ற கட்டத்தில் வரிசையாக எல்லோரும் எழுதியிருப்பது, ‘ஓசூர் பக்கம்’.